இருந்தபோது எடுக்காத படம்

சாவு வீட்டில் முதல் அழுகை ஓய்ந்ததும் யாராவது ஒருவர் மெல்லக் கேட்பார்: “போட்டோ எதாவது இருக்கா?” பந்தலுக்கும் மேளத்துக்கும் ஆள் போன பிறகு, பேனர் கடைக்கும் ஒருவர் போயாக வேண்டும். பெட்டியைக் கிளறினால் ஆதார் அட்டை கிடைக்கும். இல்லையென்றால், யாருடைய கல்யாணத்திலோ மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்கும் ஒரு முகம் கிடைக்கும். கடைப்பையன் அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கணினியில் தயாராக இருக்கும் வெள்ளைச் சட்டையின் மேல் பொருத்துவான். இருந்தவரை இஸ்திரி போட்ட சட்டை அணியாத மனிதர், கண்ணீர் அஞ்சலியில் மடிப்புக் கலையாமல் நிற்பார்.

மனிதர்களுக்கு நேர்வது தெருக்களுக்கும் நேர்கிறது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை 2024 ஜூன் மாதத்துக்கு முன்பு வெளியூரில் யார் பார்த்திருப்பார்கள்? நகரத்துக்குள்ளேயே, கோமுகி ஆற்றை ஒட்டி, கூலிவேலைக்குப் போகிறவர்கள் வாழும் பகுதி அது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம்தான். ஜூன் 18, 19 தேதிகளில் அங்கே பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் கண் மங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்கள். கலந்திருந்தது மெத்தனால். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு கேமராக்கள் வந்தன. வாசலுக்கு வாசல் கிடத்தப்பட்ட உடல்கள், மாரில் அடித்துக்கொள்ளும் பெண்கள், ஆற்றங்கரையில் அடுத்தடுத்து எரியும் சிதைகள். ஒரு தெரு ஊருக்கு அறிமுகமான விதம் இது. அந்தப் படங்களில் வீடுகளும் இருந்தன, சாக்கடையும் இருந்தது, பிணத்துக்குப் பின்னணியாக.

ஏழைகளின் தெருவுக்குக் கேமரா வர வேண்டுமானால் ஏதாவது ஒரு முடிவு நெருங்கியிருக்க வேண்டும். இது பழைய வழக்கம். 1868 முதல் 1871 வரை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து இருட்டுச் சந்துகளைத் தாமஸ் அன்னான் படமெடுத்தார். ஈரக் கல்தரை, குறுக்கே காயும் துணி, உயரச் சுவர்களுக்கு நடுவே ஒரு கீற்று வானம் என்று, இன்று அருங்காட்சியகங்கள் பாதுகாக்கும் படங்கள் அவை. நகரச் சீரமைப்புக்கு அமைந்த அறக்கட்டளை அவரை அனுப்பியதற்குக் காரணம், அந்த வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்பது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு வெளிச்சம் பிடிக்க நேரமாகும். அதனால் இடிபடப் போகும் சுவர்கள் துல்லியமாகப் பதிந்தன. அங்கே குடியிருந்தவர்களில் அசைந்தவர்கள் புகையாகப் பதிந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் படமெடுக்க அன்றாடத்துக்குப் பஞ்சமில்லை. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, கச்சிராயபாளையம் பக்கத்து அணையில் தங்கி, வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. ஊருக்குள் வரும்போது நகரத்தின் கழிவையும் சேர்த்துச் சுமக்கிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலையை நோக்கி ஊர்கின்றன. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் சேலம் – விருத்தாசலம் பாதையில் இருக்கும் சின்னசேலத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பாதை போடும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. தூரம் 16 கிலோமீட்டர்தான். 2019 நவம்பரில் ஊர் மாவட்டத் தலைநகரமே ஆகிவிட்டது. ரயில் அதைவிடப் பொறுமையாக இருந்தது. மண்மேட்டில் ஆடு மேய்ப்பவரும் மாலை நேரத்தில் அதன்மேல் நடப்பவரும் ஒரு நல்ல படத்துக்குப் போதும். ஆனால் அது செய்தியாகாது. திறப்பு விழா நடந்தால்தான் செய்தி. அப்போது ஆடுகளை விரட்டிவிடுவார்கள்.

மலைக்கும் இதே கதிதான். மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த கல்வராயன் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976இல். 2024இல் கேமராக்கள் மலையேறியபோது அவை தேடியது சாராய ஊறலை. பேரல்களைக் கவிழ்த்துக் கொட்டும் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. மெத்தனால் ஓடைக்கரையில் ஊறுவதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு, சாலை வழியே வருவது. இருந்தாலும் பார்க்கத் தோதானது மலைதான். அந்த ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மலைவாழ் மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அடிவாரத்து ஊரில் அத்தனை பேர் செத்த பிறகுதான் மேலே இருப்பவர்களின் சாலையும் பள்ளியும் மருத்துவமும் விசாரணைக்கு வந்தன.

முன்பே யாராவது இந்தத் தெருக்களைப் படமெடுத்திருந்தால் அந்தச் சாவுகளைத் தடுத்திருக்கலாமா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சாராயம் விற்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. கருணாபுரத்தில் பார்க்கும் கண்களுக்குக் குறைவே இருந்ததில்லை. தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளும் திறமைக்கு எந்த லென்ஸும் ஈடல்ல.

கேமராவிடம் கேட்க வேண்டியது வேறொன்று: சாவுக்கு முன்பே வா என்பது. மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாய்க்குப் பிறந்த புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார், மலம் அள்ளும் தொழிலாளர்களின் சாவுகளைப் பதிவு செய்தவர். அதே கேமராவால் தன் தாய் விடியுமுன் மீன் வாங்கப் போவதையும் படமெடுத்தார். உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றும் கொடுத்தார். தாயைப் பிள்ளை எடுக்கும்போது அவள் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவள் பேரம் பேசுவாள், அலுத்துக்கொள்வாள், “போதும்டா” என்பாள். அந்தப் படத்தில் அவள் யாருக்கும் உதாரணம் அல்ல.

கருணாபுரத்திலும் இன்று கைக்குக் கை செல்போன் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் இரக்கத்தோடு வர வேண்டியதில்லை. ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வந்த மனிதர் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கையில் டீ கிளாஸ். சட்டையில் சிமெண்ட் கறை. பின்னால் குழாயடியில் குடங்கள். அதை அவர் மகள் ஒரு முறை எடுத்து வைத்தால் போதும். என்றோ ஒரு நாள் பேனர் கடையில் கேட்கும்போது, அவர் தன் சொந்தச் சட்டையிலேயே போகலாம்.