வாழ்வின் நலம் அளவைக்கு உட்படுமோ?

கீழ்க்கட்டளையில் வாழும் ஓர் இளைஞனைக் கருதுவோம். குருதி உறைதற்கு வேண்டும் எட்டாம் காரணி அவனுக்குப் பிறவியிலேயே குன்றியுளது. ஹீமோபிலியா என்னும் இந்நோய் பெரும்பாலும் தாய்வழி வந்து ஆண்மக்களை வருத்துவது. காயம் பட்டாற் குருதி நெடுநேரம் நில்லாது ஒழுகும். நோய் கடிதாயின், காயமின்றியும் முழங்காலினுள்ளே கசிந்து வீங்கும்; நாளடைவில் மூட்டு மடங்காது போம். தாம்பரத்துக்குச் செல்லும் பேருந்தின் படியில் ஏறுதலே அவனுக்குப் பெருஞ்செயல். இவன் வாழ்வு நலமுடையதோ? ஆயின் எத்துணை? இக்கால மருத்துவ நூலார் இவ்வினாவுக்கு எண்ணால் விடை காண்கின்றனர். அவ்வெண் எதனை அளக்கும், எதனை அளவாது என்பதை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

அவர்தம் அளவைகள் இருதிறத்தன. ஒன்று செயலை அளப்பது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் 2005-ஆம் ஆண்டில் இந்நோயாளர்க்கென ஓர் அளவையை வெளியிட்டனர். உண்டல், நீராடல், உடுத்தல், நாற்காலியினின்று எழுதல், குந்தியிருத்தல், நடத்தல், படியேறல், ஓடல் என எட்டுச் செயல்களை அது இன்று ஆராய்கின்றது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை எண் தரப்பெறும்; முழுமை 32. சொல்லக் கேளாது செய்யக் கண்டு மதிப்பிடுவது இது. குந்தியிருத்தலைச் சேர்த்தமை நம் நாட்டார் வாழ்க்கையை உணர்ந்த செய்கையாகும்.

மற்றொன்று உள்ளத்தின் நிறைவை அளப்பது. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் 15 நிலையங்களைக்கொண்டு ஓர் அளவையை வகுத்தது. அவற்றுள் சென்னையும் ஒன்று. அதன் சுருக்கம் 26 வினாக்களால் உடல், உள்ளம், உறவு, சூழல் என்னும் நான்கினையும் வினவும். நோயாளனே விடை தருவான்.

இவ்விரண்டும் எப்பொழுதும் ஒத்துச் செல்வதில்லை. மூட்டு முடங்கியவன் 'நிறைவுடன் வாழ்கின்றேன்' என்று எழுதுதலும் உண்டு. இங்கே இரு பிழைகள் நேர இடமுண்டு. செயலெண் குறைந்தமை கண்டு 'இவ்வாழ்வு வீண்' என்பது ஒன்று. நிறைவெண் மிக்கமை கண்டு 'இவனுக்கு உதவி வேண்டா' என்பது மற்றொன்று. முன்னது உயிரை இகழ்வது. பின்னது பொறுமையைப் பொறுத்தவனுக்கே பகையாக்குவது.

உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என மூன்றுண்டு என்பது நம் கொள்கை. செயலளவை கிரியையையும், நிறைவளவை இச்சையையும் ஒருவாறு தொடும். ஞானத்தைத் தொடுவது யாது? வாழ்வு பொருளுடையதாகத் தோன்றுகின்றதோ எனவும் அவ்வளவையில் ஒரு வினா உண்டு. ஆயின் அதுவும் தோற்றத்தையே வினவுவது. மாயேயமாகிய உடம்பு ஆணவ இருளில் ஏற்றிய விளக்கு. எண்ணெயையும் திரியையும் அளக்கலாம். அவ்வொளியில் ஒருவன் கண்டதனை அளத்தல் யார்க்கும் இயலாது. சிறு சுடரிற் கண்டவனும் உளன். பெருஞ்சுடரிற் கண்மூடியிருந்தவனும் உளன்.

'பிறவிநோய் பிராரத்தம், நுகர்ந்தே தீரவேண்டும், அளத்தல் எற்றுக்கு?' எனின், கூறுதும். பசியும் வினைவழி வந்ததே. அதுபற்றி அன்னம் பாலியாது விடுவார் இலர். கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைச் சுரநோய் பற்றியபோது, வினையென்று வாளாவிருக்க ஆளுடைய பிள்ளையார் இசைந்திலர். பதிகம் பாடி அதனை நீக்கினார். சூலையால் வருந்தி வந்த தம்பியாரைத் திலகவதியார் பொறுத்திரு என்று போக்கினாரல்லர். திருநீறு தந்து திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வினை நுகர்வோனுக்கு உரியது. அருள் காண்போனுக்குக் கடன். வேலூர் மருத்துவர் ஐவர்க்கு மரபணு மருத்துவம் செய்து, பின்னர்க் குருதிக்கசிவு நிகழாமையை 2024-இல் வெளியிட்டமையும் அக்கடனின் ஒரு கூறே.

ஆதலின் எண்ணை இகழ்தல் வேண்டா. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாளணுச் சோகை ஆகிய மூன்றையும் உடற்குறைபாடுகளுள் சேர்த்தது. நூற்றுக்கு 40 என்னும் அளவு பல உதவிகட்கு வாயிலாயிற்று. அவ்வெண் பிழைபடின் ஏழை ஒருவன் வாயிலிலேயே நிற்பான். எனவே செயலளவையும் நிறைவளவையும் ஒன்று மற்றொன்றை மறையாதபடி இரண்டும் கொள்ளத்தக்கன. அவ்வெண்கள் அவன் உயிரின் விலையல்ல. நாம் அவனுக்குச் செலுத்தவேண்டிய கடனின் கணக்காம். எண் குறையுமிடத்துக் கடன் மிகும் என்பதே எமது துணிபு.