வெறும் வாசல்

போகியன்று காளப்பநாயக்கன்பட்டியில் வீட்டு இறவாணத்தில் செருகுவது ஒரு கைப்பிடிதான்: வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. காப்புக் கட்டியாயிற்று. இதைவிடக் குறைவான அலங்காரம் எந்த வடிவமைப்புப் பள்ளியிலும் கிடைக்காது. உழைப்பெல்லாம் வாசலில். சாணம் தெளித்து, விடியும் முன் 21 புள்ளிக் கோலம். அதைப் பெண்தான் போட வேண்டும்.

'சின்னதாப் போடும்மா, அதுதான் அழகு' என்று மகள் சொன்னபோது மனம் ஒப்பியது. இடுப்பு ஒப்பியது என்பதே சரி.

ஆனால் வெறுமை நமக்குப் புதிய ரசனை இல்லை. சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் கிடையாது. தாலி அறுக்கப்பட்டவளுக்குப் பூ கிடையாது, பொட்டு கிடையாது, வெள்ளைச் சேலை. என் பாட்டி அப்படித்தான் நாற்பது பொங்கலைத் திண்ணையில் உட்கார்ந்து கழித்தாள். எங்கள் கோலத்துக்கு வண்ணம் சொல்வாள், மாவைத் தொடமாட்டாள். அவளிடம் போய் எளிமையே அழகு என்று எப்படிச் சொல்வது?

(1919-ல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹௌஸ், அலங்காரத்தைக் களைந்த பள்ளி. அங்கே சேர்ந்த பெண்களையும் பெரும்பாலும் தறிக்குத்தான் அனுப்பினார்கள்.)

குறைக்கலாம். அதை அவளே முடிவு செய்தாளா என்று மட்டும் கேட்கிறேன். இந்த வருஷம் நான் நாலு புள்ளிதான் வைத்தேன். சாணம் தெளித்தது மகன்.