சும்மா தமாஷுக்கு

புதுச்சேரியில் ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பழைய பிரெஞ்சு வீடு ஒன்றுக்கு வெள்ளையடித்து கேலரி ஆக்கியிருந்தார்கள். இரண்டே பேரின் படங்கள். ஒருவர் கோட்டோவியம், இன்னொருவர் கொலாஜ். இரண்டு பேருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர்கள் வேண்டாம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கேலரி என்றாலே நமக்கு ஒரு நடுக்கம் உண்டு. துக்க வீட்டுக்குள் நுழைந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புரியாத படத்துக்கு முன்னால் புரிந்துவிட்ட முகத்தோடு நிற்போம். இங்கே அப்படி இல்லை. ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டோவியக்காரர் ரேஷன் கடை வாசலில் நவக்கிரகங்களை க்யூவில் நிறுத்தியிருந்தார். ஒன்பது பேரும் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்க, சனி பகவான் மட்டும் கடைக்காரரை முறைக்கிறார். இன்னொன்றில் கடற்கரை காந்தி பீடத்தைவிட்டு இறங்கி வாக்கிங் போய்விட்டு, இன்றைக்கு எத்தனை அடி நடந்தோம் என்று கைக்கடிகாரத்தில் பார்க்கிறார்.

கொலாஜ் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பழைய பேப்பரை வெட்டி ஒட்டுவதுதான். நம் ஊர்ப் பெட்டிக்கடைச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர்., அவருக்குப் பக்கத்தில் பீடி விளம்பரம் என்று ஒட்டியிருப்பார்களே, அதையே யோசித்துச் செய்தால் கலை. இந்த இளைஞர் கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், தேர்தல் நோட்டீஸ் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

அதில் ஒரு படம். மரக்காணம் உப்பளத்தில் தலையில் கூடையோடு வரிசையாக நடக்கும் பெண்கள், ஏதோ பத்திரிகையில் வந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம். முன்னால் வரும் பெண்ணின் முகத்தில் மட்டும் கலர் விளம்பரத்திலிருந்து வெட்டியெடுத்த பெரிய கூலிங் கிளாஸ். கீழே, துணிக்கடை விளம்பரத்திலிருந்து எடுத்த எழுத்துகள்: ‘கோடைக் கொண்டாட்டம்!’ அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். நானும் சிரித்தேன். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

சென்னைக்குத் திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டரில் மரக்காணம் வந்துவிடும். சாலையோரமே உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பின மாதிரி பாத்திகள், வரப்புகளில் குவித்த உப்பு. மதியம் இரண்டு மணிக்கு அதைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று சொல்வது ரொம்ப மரியாதையான வார்த்தை. வெயில் மேலிருந்து ஒரு தடவை அடிக்கிறது, உப்பில் பட்டுக் கீழிருந்து இன்னொரு தடவை அடிக்கிறது. காரிலிருந்து இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், சட்டைப் பையில் இருந்த கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டதுதான். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

டீக்கடையில் உப்பளத்து ஆட்கள் சிலர் இருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார். பேச்சுவாக்கில் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கோபப்படுவாரோ என்றும் கொஞ்சம் பயம். அவர் இரண்டும் செய்யவில்லை. போனை வாங்கி, கையால் நிழல் கட்டி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“கண்ணாடி சோக்காத்தான் கீது. எங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லு தம்பி. சாயங்காலமானா கண்ணு எரியுது, தண்ணியா ஊத்துது.”

அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்து நான் எதற்காகச் சிரித்தேன் என்று வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். உப்பு அள்ளுகிறவளுக்குக் கூலிங் கிளாஸா! இந்தப் பொருத்தமின்மைதான் ஜோக். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐ.டி. கம்பெனி வாசலில் ஒரு பெண் நின்றால் யாரும் சிரிக்கப் போவதில்லை. ஏ.சி. அறையில் வேலை செய்கிறவளுக்கு அது பொருத்தம், இரண்டு பக்கமும் வெயில் வாங்குகிறவளுக்குப் பொருந்தாது என்று எனக்குள் யாரோ முன்கூட்டியே தீர்மானம் செய்து வைத்திருக்கிறார்கள். ஓவியர் கண்ணாடியை ஒட்டினார். சிரிப்பை ஒட்டியது நான்.

அன்று ராத்திரியே அந்த இளைஞருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். பதறிவிட்டார்.

“ஐயோ சார், தப்பா எடுத்துக்காதீங்க. அது சும்மா தமாஷுக்குப் பண்ணது சார்.”

“விளம்பரத்தைக் கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சேன்.”

“அதுவும்தான் சார். ஆனா சீரியஸா ஒண்ணும் இல்ல. சும்மா ஜாலியா…”

எனக்கு வருத்தம் அவர் அந்தப் படத்தைச் செய்ததில் இல்லை. கேட்டவுடனே அதைக் கைவிட்டதில்தான். கோடைக் கொண்டாட்டம் என்று துணி விற்கும் ஊரில் கோடை முழுக்கக் கண் எரிந்து சாகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அந்தப் படம் சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் யாராவது ‘என்ன சொல்ல வர்றே?’ என்று கேட்டால், ‘ஒண்ணும் சொல்லலியே’ என்று ஓடிவிட ஒரு பின்வாசலையும் அவர் திறந்து வைத்திருக்கிறார். ‘சும்மா தமாஷுக்கு’ என்பதுதான் அந்த வாசலின் பெயர்.

இந்த வாசல் ரொம்பப் பழசு. நூறு வருஷத்துக்கு முன்னால் பெர்லினில் இதே மாதிரி இரண்டு பேர் இருந்தார்கள். ஜார்ஜ் கிராஸ் கோட்டில் கிண்டல் செய்கிறவர். ஜான் ஹார்ட்ஃபீல்ட் வெட்டி ஒட்டுகிறவர். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான பையன்களைக் காவு கொடுத்துவிட்டு, அதே தளபதிகள் மார்பில் பதக்கத்தோடு உலவியதைப் பார்த்து வெந்துபோனவர்கள். 1920 கோடையில் ராவுல் ஹௌஸ்மன் என்ற நண்பரோடு சேர்ந்து ‘டாடா’ கண்காட்சி ஒன்று வைத்தார்கள். கூரையிலிருந்து ஒரு பொம்மை தொங்கியது. உடம்பில் ஜெர்மன் ராணுவ அதிகாரியின் யூனிஃபார்ம், முகம் பன்றியுடையது.

ராணுவம் விடுமா? அவமதிப்பு வழக்குப் போட்டது. 1921-ல் விசாரணை. கோர்ட்டில் தற்காப்பு வாதம் என்ன தெரியுமா? ‘இதெல்லாம் விளையாட்டு ஐயா. யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை.’ சிலருக்கு விடுதலை, கிராஸுக்கும் அவர் பதிப்பாளருக்கும் அபராதம். சிறை இல்லாமல் தப்பித்தார்கள். கர்ட் டுகோல்ஸ்கி என்ற எழுத்தாளர் அந்த விசாரணையைப் பார்த்துவிட்டு எழுதினார். அவரும் ராணுவத்தைக் கிழிகிழியென்று கிழிக்கிறவர்தான், இவர்கள் கட்சிதான். ஆனாலும் அவருக்குக் கோபம் இவர்கள்மீதும் வந்தது. இதுதானா உங்கள் தற்காப்பு, அப்படியானால் நீங்கள் மனசார அதைச் சொல்லவே இல்லையா என்று கேட்டார்.

அவ்வளவு கறாராக நான் இருக்க மாட்டேன். சிறை வாசலில் நிற்கிறவனிடம் வீரம் பேசு என்று வெளியில் இருந்து சொல்வது சுலபம். ஹார்ட்ஃபீல்ட் பிற்பாடு ஹிட்லரையே வெட்டி ஒட்டினார். 1933-ல் வீட்டுக்கு ஆள் தேடி வந்தபோது பால்கனியிலிருந்து குதித்துத் தப்பி, எல்லை தாண்டி, பிராகில் உட்கார்ந்து மறுபடியும் ஒட்டினார். அப்போது அவரிடம் யாரும் ‘சும்மாவா செய்தாய்’ என்று கேட்டிருக்க முடியாது.

நடுவில் ஒன்று. அந்த பெர்லின் கண்காட்சியில் ஹன்னா ஹோஹ் என்ற பெண்ணின் கொலாஜும் இருந்தது. சமையலறைக் கத்தியால் வெட்டியது என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார். இன்று அந்தக் கண்காட்சியிலிருந்து உலகம் ஞாபகம் வைத்திருக்கும் படங்களில் அது முக்கியமானது. ஆனால் அவரைச் சேர்க்கவே கூடாது என்று முதலில் எதிர்த்தவர்கள் கிராஸும் ஹார்ட்ஃபீல்டும். ஹௌஸ்மன் மல்லுக்கட்டித்தான் உள்ளே கொண்டுவந்தார். தளபதிகளைக் கிண்டல் செய்கிறவர்களுக்கும் சிரிக்கிற உரிமை யார் யாருக்கு என்று ஒரு ரேஷன் கார்டு இருந்திருக்கிறது.

நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இரண்டு பேரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஒருவரைப் பிக்பாக்கெட்டுக்கும் இன்னொருவரை முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்டு இன்னொருவர் அடையாளம் சொல்கிறார். அவ்வளவுதான். சட்டசபை கொந்தளித்தது. மன்னிப்புக் கேள் என்றார்கள். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்று சபையே தீர்ப்பெழுதி அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதில் சில நாட்களுக்குள் வெளியே வந்துவிட்டார். அதோடு விடாமல் கோர்ட்டுக்குப் போனார். கைது செல்லாது என்று தீர்ப்பாகி, நஷ்டஈடாகக் கிடைத்தது அடையாளமாக ஆயிரம் ரூபாய். அதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டார் என்பார்கள். நான் பார்த்த கேலரிப் படங்களைவிட அந்த ஃபிரேம் எனக்குப் பிடிக்கும்.

பெரிய மனிதர்களைச் சீண்டினால் வீரம், எளியவர்களைச் சீண்டினால் கேவலம். இப்படி ஒரு சூத்திரம் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். ஒரு நத்தை விடவில்லை.

1949 ஆகஸ்டில் சங்கர் வரைந்த கார்ட்டூன். அரசியல் சட்டம் என்ற நத்தையின் மேல் டாக்டர் அம்பேத்கர் சவுக்கோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு, அவர் கையிலும் சவுக்கு. சுற்றிலும் ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அன்றைக்குப் பேப்பர் படித்தவர்களுக்கு அது சட்டம் எழுதுவதில் ஆகும் தாமதம் பற்றிய கிண்டல். 2006-ல் அதை பதினோராம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் சேர்த்தார்கள். 2012-ல் திருமாவளவன் உள்ளிட்ட எம்.பி.க்கள் பிரச்னை எழுப்ப, நாடாளுமன்றமே அமளியானது. அரசு படத்தை எடுக்க ஒப்புக்கொண்டது. புத்தகத்தின் தலைமை ஆலோசகர்கள் இருவர் ராஜினாமா செய்தார்கள்.

அப்போது நான் ‘ஒரு கார்ட்டூனுக்கு இவ்வளவா?’ என்ற கட்சியில் இருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை. 1949-ல் அம்பேத்கர் சட்ட மந்திரி. மந்திரியைக் கிண்டல் செய்யலாம். ஆனால் 2012-ல் ஒரு வகுப்பறையில் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது, கடைசி பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அவன் வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரே படம் அம்பேத்கருடையது. சவுக்கு என்றால் என்ன என்று அவன் தாத்தாவுக்குத் தெரியும். முன் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். அந்தப் படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியது அது மாட்டியிருக்கிற அறை. படத்தை நீக்கியது சரிதானா என்று கேட்டால், எனக்கு இன்னமும் அதில் சம்மதமில்லை. வாத்தியார் அந்தப் பையனை வைத்துக்கொண்டே அதைப் பேசியிருக்கலாம். ஆனால் ‘வெறும் கார்ட்டூன்தானே’ என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

சொரணை இருக்கிறதா என்று கேட்க நம் ஆட்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். ‘உப்புப் போட்டுத்தானே சாப்பிடறே?’ அந்த உப்பை வாரிக் கொடுக்கிற கைக்குக் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. கண்ணாடி வேண்டும் என்றுதான் கேட்டது. அதையும் நான் கேட்டதற்கு அப்புறம்தான் சொன்னது.

ஒரு வாரம் கழித்து அந்த கொலாஜ் இளைஞரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

“சார், அந்தப் படத்தை எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். அது சும்மா பண்ணதில்ல சார். அன்னிக்கு ஏதோ பயத்துல சொல்லிட்டேன்.”

“சந்தோஷம்.”

“இன்னொண்ணு. அந்தம்மா சொன்னதையும் படத்துக்குக் கீழேயே எழுதி ஒட்டலாம்னு இருக்கேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. அப்படியே ஒரு நல்ல கண்ணாடியும் வாங்கிட்டுப் போறேன். அவங்க பேர் என்ன சார்?”

எனக்குத் தெரியவில்லை. போனைக் காட்டினேன், சிரிக்கிறாரா என்று பார்த்தேன், சொன்னதை இந்தக் கட்டுரைக்காக மனசில் குறித்துக்கொண்டேன். பேர் கேட்கவில்லை.

“பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு டீக்கடை. ஐம்பது வயசிருக்கும். புடவைக்கு மேல சட்டை போட்டிருந்தாங்க, தலையில துண்டு…”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“சார், அங்க எல்லாருமே அப்படித்தானே இருப்பாங்க?”