மணி என்னும் சொல்

'கிளாக்' என்னும் ஆங்கிலச் சொல்லை நாள்தோறும் வழங்குகிறோம். அதன் வேர், மணியைக் குறிக்கும் 'கிளோக்கா' என்னும் இடைக்கால இலத்தீனச் சொல்லாகும். பிரெஞ்சுக்காரர் இன்றும் மணியைக் 'குளோஷ்' என்றே அழைப்பர். ஐரோப்பாவின் தொடக்ககால இயந்திரக் கடிகாரங்கள் பலவற்றுக்கு முகப்புமில்லை, முள்ளுமில்லை. ஒலித்து உணர்த்துவதே அவற்றின் பணி.

நாமும் 'மணி என்ன?' என்றே கேட்கிறோம். நம்மை வாழவைக்கும் வங்கத்திலும் மணிக்கும் ஒரு மணி நேரத்துக்கும் பெயர் ஒன்றே. மூன்று மொழியினரும் காலத்தை மணியால் சுட்டியது ஏன்? ஒருவர் அடிக்க, ஊரார் அனைவரும் கேட்பது மணி. அரசனுக்கொன்று, ஏழைக்கொன்று என அது இருமுறை ஒலிப்பதில்லை.

ஆயுள் அவரவர்க்கு உரியது, மணியோ பொதுவுடைமை. இதனைக் கல்கத்தாவின் வரலாறே விளக்கும். 1906 சனவரி முதல் நாள் இந்தியாவுக்குப் பொது நேரம் வகுக்கப்பட்டது. கல்கத்தாவோ, அதனினும் 23 நிமிடங்களுக்குச் சற்று மேல், ஏறத்தாழ ஒரு நாழிகை, முந்திய தன் நேரத்தை 1948 வரை கைவிடவில்லை. கதிரவனைக் கொண்டு நோக்கின் இந்நகரின் கணக்கில் பிழையில்லை. மார்கழியில் ஐந்தரை மணிக்கு இங்கே இருள் சூழ்ந்துவிடும். தஞ்சையில் அப்போதும் வெளிச்சம் இருக்கும். எனினும் பெற்றோரின் ஐந்தரை மணியே பிள்ளைகளின் ஐந்தரை மணி என்னும் உறவுக்காக, இந்நகர் தன் உண்மையைச் சற்றே விட்டுக்கொடுத்தது.

அங்ஙனமாயின், குறித்த மணி தவறுவது தன் நேரத்தை வீணாக்குவது மட்டுமன்று. பொதுப்பொருளைக் கவர்வதும் ஆகும். அலுவலகச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்பவன் நான். காத்திருப்போர் யாவர் என்பதை நாள்தோறும் காண்கிறேன். பெரியவர்கள் காத்திருப்பதில்லை, ஓய்வூதியத்துக்கு வந்த முதியவரும், அரைநாட் கூலியை இழந்து வந்த தொழிலாளியுமே காத்திருக்கின்றனர். தாமதம் என்றும் எளியவர் தலையிலேயே விடிகிறது.

முல்லைப்பாட்டில், பாசறையில் நீர்க்கடிகையால் பொழுதளந்து அரசனுக்கு அறிவிப்போர் வருகின்றனர். புலவர் அவர்களைப் பொய்யாதவர் எனச் சிறப்பிக்கிறார். காலம் அளப்போர்க்கு வேண்டுவது கணிதம் மட்டுமன்று, வாய்மையுமாம் என்பதன்றோ அதன் கருத்து?

ஆறு மணி என அழைப்பிதழில் அச்சிடுவது வெறும் எண்ணன்று, வாக்கு. கைக்குழந்தையோடு இருமுறை பேருந்து மாறி, ஆறு மணிக்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்க்கு நாம் அளித்த வாக்கு. நம் விழாக்கள் அதனைக் காக்குமாயின், வந்தோர் சிலரே ஆயினும், அதுவே தமிழர்க்குச் சிறப்பு.