கறை களையும் முறை

ஒரு பொருளின்கட் கறை கண்டவிடத்து அதனைக் களைய முயறல் மக்கட்கு இயல்பு. அங்ஙனம் களையுங்கால், களைவார் கருத்து முழுதும் கறையின்மேற் செல்லுமேயன்றி, அதனைத் தாங்கி நிற்கும் பொருளின்மேற் செல்லுதல் அரிது. கறை ஒழிய, அதனோடு பொருளும் தேய்ந்தொழிதல் பலவிடத்தும் காணப்படுகின்றது. ஆகலின், குற்றங் களையுமிடத்து எத்துணையளவு செல்லலாம், எவ்விடத்து நிற்றல் வேண்டும் என்பது ஆராயற்பாலது. மோட்டார் வண்டியின் வண்ணப்பூச்சிற் படியும் நீர்க்கறையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வாம். வண்டி துடைத்தல் சிறுதொழிலன்றோ, அதன்கண் ஆராய்ச்சி என்னையெனின், சிறியதன்கண் விளங்கிய முறை பெரியதற்கும் வழிகாட்டுமாகலின் அமையுமென்க.

நீர் தானே கறையன்று. நீரிற் கரைந்து நிற்கும் சுண்ணம், மக்னீசியம் முதலியவற்றின் உப்புக்களே கறையாவன. சென்னை போன்ற நகரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பலவிடத்தும் இவ்வுப்பு மிக்கது. இந்தியத் தர நிறுவனத்தார் குடிநீர்க்கு ஏற்புடைய கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 600 மில்லிகிராம் வரை கொள்ளலாமென்றும் வரையறுத்துள்ளனர். கண்ணுக்குத் தெளிந்து தோன்றும் நீரும் இத்துணை உப்பைச் சுமந்து நிற்றல் கூடும். வெயிலிற் காய்ந்த தகட்டின்மேல் அந்நீர் துளியாய் நிற்பின், நீர் ஆவியாய்ச் செல்லும். உப்போ உடன்செல்லமாட்டாது நின்றுவிடும். துளியின் விளிம்பு விரைந்து உலர்தலின், உள்ளிருந்த நீர் விளிம்பு நோக்கி ஓடிப் பெரும்பாலும் ஆண்டே உப்பைச் சேர்க்கும். வெண்மையான வட்டம் தோன்றுதற்குக் காரணம் இதுவே.

செம்பிற் களிம்பை நம் நூலோர் செம்போடு உடனாய் நிற்பதென்று கூறுவர். நீர்க்கறை அத்தன்மையதன்று, புறத்திருந்து வந்து பற்றியது. பற்றிய அளவிற்கேற்ப அது மூன்று நிலையினதாம். அண்மையிற் படிந்து மேலே நிற்பது முதல்நிலை. அதற்கு உப்புக் குறைந்த நீரும் மெல்லிய துணியும் போதும். நாட்பட்டு இறுகியது இரண்டாம் நிலை. அதற்கு வினிகர் எனப்படும் காடியைச் சமவளவு நீரிற் கலந்து, துணியில் நனைத்துக் கறையின்மேற் சிறிதுபோது ஒற்றி, உலருமுன் நன்னீரால் அலம்பித் துடைத்தல் வேண்டும். காடியின் புளிப்புச் சுண்ண உப்பைக் கரைக்கும். இதனையும் வண்டியின் மறைவிடத்தே முதலிற் செய்து பார்த்தல் நலம்.

உப்பும் வெயிலும் சேர்ந்து பூச்சையே அரித்துப் பள்ளமாக்கியது மூன்றாம் நிலை. ஈண்டே ஐயம் எழுகின்றது. பள்ளமென்பது ஒரு பொருளன்று, பொருளின் இன்மையேயாம். உள்ளதனை எடுக்கலாம், இல்லாததனை எங்ஙனம் எடுப்பது? தேய்ப்புப் பசையிட்டு மெருகிடுவார், பள்ளத்தை நீக்குகின்றாரல்லர். அதனைச் சூழ்ந்த நற்பூச்சையெல்லாம் அப்பள்ளத்தின் ஆழத்திற்குத் தாழ்த்துகின்றார். வண்ணத்தின்மேல் வெயில் தாக்காது காத்து நிற்கும் நிறமற்ற மேற்பூச்சு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் கனமே உடையது. ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான் உண்டு. எனவே, அப்பூச்சுத் தலைமயிரினும் மெல்லியதென்பது பெறப்படும். தேய்த்த பூச்சு மீண்டும் வளர்வதில்லை.

"குற்றத்தைச் சிறிதும் எஞ்சவிடலாகாது, முற்றக் களைதலே முறை" என்பார் உளர். அற்றன்று. கறை களைதற்குப் பயன் பொருளைக் காத்தல். காத்தற்கென்று தொடங்கிய செயல் காக்கப்படுவதனையே அழிக்குமாயின், பயனை இழந்து செயலை மட்டும் பற்றி நிற்றலாய் முடியும். ஆழமில்லாத பள்ளத்தை ஒருமுறை மென்மையாய் மெருகிடலாம். ஆழமுடையதனை விட்டுவிடுதலே அறிவுடைமை. அற்றேல் குற்றத்தைப் பொறுத்துச் சோம்பியிருக்கலாமோ எனின், ஆகாது. மூன்றாம் நிலை முதலிரு நிலைகளிற் செய்யத் தகுவதைச் செய்யாமையின் விளைவேயாகும். இன்று துணியாற் போவது நாளை காடியை வேண்டும். பின்னர்க் காடிக்கும் அடங்காது.

மக்களைத் திருத்துமிடத்தும் இதுவே முறை. மாணாக்கன் ஒருவன்பால் ஒரு பிழை கண்ட ஆசிரியர், அப்பிழை அவன்மேற் படிந்ததோ, அவனுட் புகுந்து ஊறுபடுத்தியதோ என்று முதலில் ஆராய வேண்டும். படிந்தது இன்சொல்லாற் போம். ஊறுபட்ட இடத்தை வன்சொல்லால் தேய்ப்பின், அவனுடைய ஊக்கமும் மானமும் அப்பள்ளத்தின் அளவிற்குத் தாழுமேயன்றி, பள்ளம் நிரம்புவதன்று. கண்டார் திருந்தினானென்பர். அவனோ தேய்ந்தவனாவான்.

இனி, கறை வந்த வழியையும் நோக்குதல் வேண்டும். நண்பகல் வெயிலில், கிணற்று நீரால், விரைந்து வண்டி கழுவும்படி ஏவலாளனைப் பணிக்கின்றார் ஒருவர். மாலையில் வட்டங்களைக் கண்டு அவனை வைகின்றார். அஞ்சிய அவன், உலர்ந்த துணியால் அழுந்தத் தேய்த்துக் கீறலும் உண்டாக்குகின்றான். கறைக்குக் காரணம் ஏவியவர் குறித்த காலமும் நீரும். கீறலுக்குக் காரணம் அவர் வைத சொல். இரண்டின் பழியும் கூலி பெறுவான் தலையில் ஏறுகின்றது. தன்னிடத்துப் பிறந்த காரணத்தைப் பிறர்மேல் ஏற்றுதல், நீர்க்கறையினும் கொடிய கறையென்று உணர்க.

வெயில் தாழ்ந்தபின் நிழலிற் கழுவி, நீர் நிற்கவொட்டாது உடனே ஒற்றியெடுப்பார்க்குக் கறை களையும் தொழில் பெரும்பாலும் இல்லை. கறை வாராமற் காத்தல் தலை. வந்ததனை மெல்லியவழியாற் களைதல் இடை. பொருள் தேயத் தேய்த்தல் கடை. எனவே, எடுத்தற்குரியதனை விரைந்து எடுத்தலும், எடுத்தற்கியலாததன்முன் கையை நிறுத்தலும் என்னும் இரண்டும் அறிந்தானே குற்றங் களைதற்கு உரியன் என்பது துணிபு.