இறந்தவரின் ஆணையும் இருப்பவரின் காடும்

டேவிட் வார்டு 1900இல் இறந்தபோது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கோடரி படாமல் எஞ்சியிருந்த வெள்ளைப் பைன் காடுகளுள் மிகப் பெரியது அவருக்குச் சொந்தமாக இருந்தது. அந்த மரத்தை 12 ஆண்டுகளுக்குள் வெட்டி விற்றுச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று அவருடைய உயில் வாரிசுகளைப் பணித்தது. ஓர் ஊர் தோன்றியதும் மறைந்ததும் அந்த உயிலால்தான். இறந்தவரின் விருப்பம் இருப்பவர்களை எதுவரை கட்டுப்படுத்தலாம் என்ற பழைய தத்துவக் கேள்வி இங்கே மரமும் மண்ணுமாக நிற்கிறது.

1822இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த வார்டு, இளமையிலேயே மிச்சிகனுக்குக் குடிபெயர்ந்தார். பாடம் சொல்லிக் கொடுத்தார், நிலம் அளந்தார், மருத்துவமும் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால் அவர் வாழ்வைத் தீர்மானித்தது மருத்துவம் அல்ல. எந்த மேட்டில் நல்ல பைன் நிற்கிறது என்று நடந்தே கண்டறியும் திறமை. காடு தேடிக் கொடுப்பவருக்குக் கூலியாக அந்த நிலத்திலேயே பங்கு தருவது அன்றைய வழக்கம். அப்படித் தொடங்கியவர் மாநிலத்தின் பெரும் மர வணிகர்களுள் ஒருவரானார். மற்றவர்கள் காட்டை அவசரமாகத் தீர்த்துக்கொண்டிருந்த காலத்தில், மேனிஸ்டீ ஆற்றின் தலைப்பகுதியில் இருந்த பைனை அவர் வெட்டாமல் வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

உயிலை நிறைவேற்ற க்ராஃபோர்ட் கவுண்டியில், ஆற்றங்கரையில், 1901இல் ஒரு பெரிய மர அறுவை ஆலை எழுந்தது. அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு அவர் பெயரைக் கொண்டே டிவார்டு என்று பெயர் வந்தது. சுமார் 800 பேர் வாழ்ந்தார்கள். அறுத்த பலகைகளை ஏரித் துறையான ஈஸ்ட் ஜோர்டனுக்குக் கொண்டுசெல்ல ரயில் பாதை போடப்பட்டது. 1912இல் தவணை முடிந்தது, மரமும் முடிந்தது. ஆலை நின்றதும் ஊர் கலைந்தது.

வார்டுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? இயற்கைப் பொருளில் உழைப்பைக் கலந்தவருக்கே அது சொந்தம் என்பது தத்துவஞானி ஜான் லாக்கின் கோட்பாடு. பிறருக்கும் போதிய அளவு, அதே தரத்தில் மிஞ்ச வேண்டும் என்ற வரம்பையும் அவர் வைத்தார். வார்டு காட்டைத் தேட உழைத்தார், உண்மை. மரங்களை அவர் வளர்க்கவில்லை. அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவை ஓங்கி நின்றன. அந்நிலப்பரப்பு பூர்வகுடிகளான ஒடாவா, ஓஜிப்வே மக்களிடமிருந்து 1836 ஒப்பந்தத்தால் அரசின் கைக்குப் போனது. லாக்கின் வரம்பை வருங்காலத்தவருக்கும் நீட்டினால் வார்டின் உரிமை இன்னும் மெலிகிறது.

வார்டைப் போன்ற குடியேறிகள் ஓதிய கிறிஸ்தவ வேதத்தில் இரண்டு குரல்கள் உண்டு. நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் தங்கிப்போகிறவர்கள், ஆகவே அதை நிரந்தரமாக விற்கலாகாது என்கிறது லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம். உபாகமம் 20ஆம் அதிகாரமோ, முற்றுகைக் காலத்திலும் கனிமரங்களை அழிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டு, கனி தராத மரங்களை வெட்ட அனுமதிக்கிறது. பைனுக்கு அந்தத் தடையின் காவல் இல்லை. இந்த இரண்டாம் விதியில் நின்று வார்டைக் காக்கலாம். முதல் விதியின் முன் அந்த வாதம் நிற்காது.

அமெரிக்க அரசியல் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் 1789இல் ஜேம்ஸ் மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமியின் அனுபவ உரிமை உயிரோடிருப்பவர்களுக்கே உரியது, இறந்தவர்களுக்கு அதன் மேல் அதிகாரமில்லை என்று வாதிட்டார். ஒரு தலைமுறைக்கு 19 ஆண்டு என்று கணக்கும் போட்டார். வார்டு விதித்தது 12 ஆண்டு. கால அளவை மட்டும் பார்த்தால் உயிலில் குற்றமில்லை. ஜெஃபர்சனின் கணக்கு தவறவிடுவது இதைத்தான்: கட்டளை 12 ஆண்டில் முடிந்தது, விளைவு முடியவில்லை. மணற்பாங்கான அந்நிலத்தின் பெரும்பகுதி ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அடிமரக்கட்டைகளும் புல்லுமாகவே கிடக்கிறது.

டிவார்டு இருந்த அதே க்ராஃபோர்ட் கவுண்டியில் 1927இல் கேரன் ஹார்ட்விக், முதல் உலகப் போரில் இறந்த தம் கணவரின் நினைவாக, ஒரு மர நிறுவனத்திடமிருந்து சுமார் 8,000 ஏக்கர் வாங்கி மாநிலத்துக்குக் கொடுத்தார். அதில் 85 ஏக்கர் பழங்காடு. 1940இல் வீசிய புயலுக்குப் பிறகு 49 ஏக்கர் எஞ்சியது. இந்தக் கொடையும் இறந்த ஒருவர் பெயரால் பின்வருபவர்களைக் கட்டுகிறது. ஆனால் நிற்கும் மரத்தை வெட்டலாமா என்று பின்வருபவர்கள் மீண்டும் யோசிக்கலாம். வெட்டிய மரத்தைப் பற்றி யோசிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. வார்டும் ஹார்ட்விக்கும் நாளைய மனிதர்களுக்கு ஆணையிட்டார்கள் என்றாலும், அந்த மனிதர்களின் முடிவெடுக்கும் உரிமையைப் பறித்தது வார்டின் உயில்தான்.

வார்டு வெட்டச் சொல்லாமல் இருந்திருந்தாலும் அந்தப் பைனை வேறொருவர் வெட்டியிருப்பார் என்பது வலுவான எதிர்வாதம். மிச்சிகனின் மற்றக் காடுகளுக்கு நேர்ந்தது அதை மெய்ப்பிக்கிறது. ஆயினும் பல பத்தாண்டுகள் அந்தக் காட்டை நிற்கவிட்டவர் அவரே. ஆகவே காலத்தின் மேல் பழி போட்டு அவரை முழுவதும் விடுவிக்க முடியாது.