சோறிட்டவருக்குப் போரில் பங்கு உண்டா?

பாரதப் போரில் இரு படைக்கும் சோறளித்தவன் என்று சேரன் பெருஞ்சோற்று உதியன் சேரலாதனைப் புறநானூற்றின் 2ஆம் பாட்டு புகழ்கிறது. பசித்தவனுக்குச் சோறிடுவது அறம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் உண்டு எழுகிறவன் கொல்லப் போகிறான் என்று தெரிந்தே இலை போட்டால், அந்தக் கொலையில் இலை போட்டவனுக்குப் பங்கு உண்டா? இதற்கு விடை தேடும் வழியை வள்ளுவரே காட்டியிருக்கிறார். புலால் மறுத்தல் அதிகாரத்தில், வாங்கித் தின்பவர் இல்லையென்றால் கொன்று விற்பவரும் இல்லை என்று வாதிடுகிறார். கத்தி பிடித்த கையோடு பாவக் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அந்தக் கையை இயங்க வைத்தவர் வரைக்கும் அது நீளும். போருக்கும் இதே கணக்குதான் என்பது என் கட்சி.

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் மண்ணே இதற்குச் சாட்சி. 1801 மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய கிழக்கிந்தியக் கும்பினிப் படை, ஊமைத்துரையின் ஆட்களிடம் அடிவாங்கித் திரும்பியது. கோட்டை விழுந்தது மே 24 அன்று. இடைப்பட்ட ஏழெட்டு வாரமும் ஆள் சேர்ப்பதிலும் பீரங்கி கொண்டுவருவதிலும் கழிந்தது. அந்தக் காலத்தில் பீரங்கியை இழுத்தது மாடு. கோடையில் கரிசல் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் களியாகிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். இழுக்கிற மாட்டுக்குச் சோளத்தட்டை வேண்டும், தண்ணீர் வேண்டும். மாடு செத்தால் படை செத்தது என்பதைக் கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் 1791இலேயே கண்டார். சீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போய், மாடுகள் மடிந்ததால் தம் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். கடல் கடந்து வந்த கும்பினி வைக்கோலையும் மாட்டையும் லண்டனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவர முடியாது. இந்த மண் கொடுத்ததை வைத்துத்தான் இந்த மண்ணை வென்றது. எட்டயபுரம் பாளையம் கும்பினியின் பக்கம் நின்றது. வென்ற பிறகு பாஞ்சாலங்குறிச்சியின் நிலம், துணை நின்ற பாளையங்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்டது. நிலத்தில் பங்கு உண்டென்றால் பழியில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். அதிகாரத்தின் முன் கைகட்டி நின்று தட்டையை அளந்து கொடுத்த சம்சாரியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்பது முதலாவது. ஏற்றக் கூடாது. ‘தரமாட்டேன்’ என்று சொல்ல எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவுதான் பொறுப்பு. பாளையக்காரருக்கு அந்த இடம் இருந்தது. மாடு கொடுத்தவனுக்குப் பெரும்பாலும் இல்லை. எல்லோருக்கும் பங்கு என்றால் யாருக்குமே பழி இல்லாமல் கரைந்துவிடும் என்பது இரண்டாவது. எல்லோருக்கும் சம பங்கு என்றால்தான் அப்படிக் கரையும். மறுக்கும் வலிமைக்குத் தக்க பங்கு என்றால், பழி மேலே ஏறி, முடிவெடுத்தவர் தலையில் போய் நிற்கும். பசித்த சிப்பாய்க்குக் கஞ்சி ஊற்றிய பெண்ணின் செயல் அறமாகவே இருக்கும். அந்தச் சிப்பாயைப் பசியோடு அங்கே நிறுத்தியவர் கணக்கு வேறு.

படை கடல் கடக்கும்போது இந்தக் கணக்கு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. 1987 ஜூலை ஒப்பந்தத்தை அடுத்து இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் அங்கே போர் மூண்டபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் 30 பேருக்குத் துணைப்படையும் வரவில்லை, தோட்டாவும் வந்து சேரவில்லை. 29 பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார். அந்தப் போரில் யாழ்ப்பாணத்துச் சனங்களும் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணிகள் திரும்பியபோது, வரவேற்கப் போகமாட்டேன் என்றார் முதல்வர் கருணாநிதி. தமிழரைக் கொன்ற படை என்ற கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் மறுக்கும் இடம் மிகக் குறைவாக வாய்த்தவர்கள். சுட்டவன் தன் குற்றத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் போதிய ஆயத்தமின்றி அனுப்பியவர்களும் அதற்குக் கைதூக்கியவர்களும் அவனுக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள். ஒரு போரை எடைபோட நினைப்பவர் முதலில் அதற்கு அரிசி எங்கிருந்து போனது, யார் உத்தரவில் போனது என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்காத அறம் பாதி அறம்தான்.